என் பெயருக்குப் பின்னால் ஒரு ஜாகா

பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது.

கமலா ஆன்டி அதைக் கவனிக்கவே இல்லை. கையில் மிஞ்சிய பாதித் துண்டைப் பிடித்தபடி என் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபாவளி முடிந்து, டின்களில் முறுக்கு இன்னும் தீராமல் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. கமலா ஆன்டி தன் மகன் விக்னேஷுக்கு என்னைப் பெண் கேட்பதற்காக ரவாங்கிலிருந்து கிள்ளானுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நானும் விக்கியும் விரும்புவது இரண்டு வீட்டுக்கும் தெரியும். ஆனாலும் ஆன்டி முறைப்படி வந்து, பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் தாலி கட்ட மாட்டேன் என்று விக்கி முன்கூட்டியே சொல்லிவிட்டான். அப்பாவை இழந்த பிள்ளை, அம்மா பேச்சைத் தட்ட மாட்டான். எனக்கும் அதில் வருத்தம் இல்லை. பயம்தான் இருந்தது.

என் அம்மா புதுத் திரைச்சீலை மாட்டி, வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டிருந்தார். அந்தப் புகைக்கு நடுவில் நான் கொண்டுவந்து நீட்டிய தட்டில் இருந்தது எங்கள் தொழிற்சாலை பிஸ்கட். ஆமாம், நான் வேலை செய்வது பிஸ்கட் தொழிற்சாலையில். எந்த ஷாம்பூ போட்டாலும் வெண்ணெய் வாசனை என் தலைமுடியை விட்டுப் போகாது.

"என்ன வேலைன்னு சொன்னீங்கண்ணே?" என்று ஆன்டி மறுபடியும் கேட்டார்.

என் அப்பா ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே பழகியவர். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"ஜாகா, சம்பந்தி! ஜெந்தேரா ஜாகா! இவ இல்லாட்டி அங்க ஒண்ணுமே ஓடாது லா!"

இன்னும் சம்மதமே சொல்லாதவரைச் சம்பந்தி என்று கூப்பிட்டதற்காக அம்மா சமையலறை வாசலில் நின்று பல்லைக் கடித்தார்.

ஆன்டி கோப்பையை மேசையில் வைத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. என் வீட்டுல ஒரு ஜாகா இருந்தது போதும்."

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். எடுத்துச் சொல்ல வேண்டிய விக்கியோ வீட்டிலேயே இல்லை. பக்கத்து வீட்டு லோரிக்கு வழிவிடக் காரை நகர்த்தப் போனவன், எங்கள் வீட்டு வரிசையில் நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தான்.



நாக்கில் நிற்காத பெயர்

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்புறம்தான் அந்த வாசலுக்குப் போக முடியும்.

பெரிய கட்டடங்களிலும் தொழிற்சாலைகளிலும் மின்சாரம் வந்து இறங்குவதற்கென்று ஒரு அறை இருக்கும். ஆளுயர இரும்புப் பெட்டிகள், காலடியில் தடித்த ரப்பர் விரிப்பு, எந்நேரமும் காதில் ஒரு ரீங்காரம். எங்கள் தொழிற்சாலையில் அந்த அறை என் பொறுப்பு. எந்த இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதென்றாலும் முதலில் நான் போய் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். கரண்ட் இல்லை என்று சோதித்து, என் பூட்டைப் போட்டு, சாவியை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் வேறு யாரும் உள்ளே கை வைக்கலாம். இதற்கென்று உரிமம் உண்டு. எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, வியர்க்க வைக்கும் நேர்முகம் எல்லாம் தாண்டி வாங்கினேன். அந்த அட்டை கைக்கு வந்த அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் சார்ஜ்மேன் என்று பெயர். வெளி ஆட்கள் வந்தால், "சார்ஜ்மேன் எங்கம்மா?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். "இங்கதான் நிக்குது, கீழ பாருங்க" என்பேன். நான் கொஞ்சம் குள்ளம்.

மலாய் மொழியில் அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் இன்னும் நீளம்: பெஞ்சாகா ஜெந்தேரா எலெக்ட்ரிக். மின் இயந்திரங்களைக் காப்பவர் என்று பொருள். கேட்கவே கம்பீரமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அப்பாவுக்கு அந்த நீளம் நாக்கில் நிற்கவில்லை. பெஞ்சாகாவின் வாலை மட்டும் வெட்டி ஒட்டி 'ஜெந்தேரா ஜாகா' ஆக்கிவிட்டார். மீன் பாசாரில், கோயிலில், கிளினிக் வரிசையில், யார் அகப்பட்டாலும் என் மகள் ஜெந்தேரா ஜாகா என்று முழங்குவார். வருடக்கணக்காகக் கேட்டு என் காதுக்கும் அது பழகிவிட்டது.

ஆனால் இந்த ஊர்த் தமிழில் ஜாகா என்றால் என்ன? கேட்டில் நிற்கும் காவலாளி! அதைத் தவிர வேறு பொருளே கிடையாது. முதல் தடவையாகக் கேட்கிறவர் காதில் அந்த ஒரு சொல்தான் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதனால் ஆன்டி எழுந்து போனதும் நான் வேறு மாதிரிப் புரிந்துகொண்டேன். டிகிரி இல்லாத பெண் என்றுதான் இந்த அலட்சியம், என் உரிமத்தையே ஜாகா என்று நக்கல் அடித்துவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். பயம் போய் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

எதுல காசு?

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது.

என் வேலையைப் பற்றி நான் பத்திரிகையில் எழுதும் இந்தத் தொடர் வர ஆரம்பித்ததிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி. "லோகி, டிகிரியா, கைத்தொழிலா? எதுல காசு?" கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் கேட்கிறார்கள். பல் பிடுங்கப் போனபோது, நான் வாயைத் திறந்து வைத்திருந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவே கேட்டார். இப்போது ஆசையாகக் கேட்கிறவர்கள், நான் பள்ளி முடித்த காலத்தில் இப்படிக் கேட்கவில்லை. தொழிற்பயிற்சிக்குப் போகிறேன் என்றதும், "ஏன், மார்க்கு வரலயா?" என்றார்கள்.

மார்க் வந்திருந்தது. ஆசையும் வந்திருந்தது! சின்ன வயதில் ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டு முன்னால் தொங்கவிட்ட வண்ண விளக்குச் சரம் எரியாமல் போனது. அப்பா அதைக் குப்பையில் போடப் போனார். நான் பிடுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பல்பாகத் திருகிப் பார்த்தேன். எங்கேயோ நடுவில் ஒன்றைத் திருகியதும் மொத்தச் சரமும் பளிச்சென்று எரிந்தது. நான் போட்ட கூச்சலில் தெருவே வெளியே வந்தது. அந்தக் கூச்சல் இன்னும் எனக்குள் தீரவில்லை. இன்றைக்கும் வேலை முடித்து, பூட்டைக் கழற்றி, சுவிட்சைப் போட்டு, தூரத்தில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பிக்கும் சத்தம் கேட்டால் எனக்குச் சிலிர்த்துவிடும்.

சரி, காசுக்கு வருகிறேன். நீங்கள் அதற்காகத்தானே படிக்கிறீர்கள்.

என் தோழிகள் விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் வயர்மேன் வேலை செய்து சம்பளம் வாங்கினேன். கூரைக்கடியில் சூட்டில் வெந்து வாங்கிய சம்பளம், நினைத்தால் இப்போதும் முதுகு எரிகிறது. அவர்கள் பட்டம் வாங்கி வெளியே வந்து முதல் சம்பளம் எடுத்தபோது ஏறக்குறைய என் அளவுக்கு வந்தார்கள். அப்புறம் எனக்கு இந்த உரிமம் வந்தது, அடித்தது யோகம்! உரிமம் உள்ள ஆள் இல்லாமல் தொழிற்சாலை நடத்தக் கூடாது என்பது சட்டம். ஆட்களோ குறைவு. வேலை தேடி நான் போன காலம் முடிந்து, ஆள் தேடி அவர்கள் கூப்பிடும் காலம் வந்தது.

உடனே பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பத்தைக் கிழித்துவிடாதீர்கள். என் தோழி ஒருத்தி மருந்தாளுநர். அவள் சம்பளத்தை நான் எட்டிப் பிடிக்க முடியாது. இன்னொருத்தி பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். என்னோடு பயிற்சி எடுத்த ஒருவர் சொந்தமாகக் குத்தகைக்கு வேலை எடுத்து ஆட்களை வைத்து வேலை வாங்குகிறார். அதே வகுப்பில் படித்த இன்னொருவர் உரிமத் தேர்வுக்குப் போகவே இல்லை, இன்னும் நாள் சம்பளத்துக்குக் கூரை ஏறுகிறார். அதனால் டிகிரியா, தொழிலா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்த வேலைக்கு ஆள் தேவைப்படுகிறதா, உடம்பு எத்தனை காலம் தாங்கும், பிள்ளைக்கு அதில் கூச்சல் போடத் தோன்றுகிறதா என்று கேளுங்கள்.

விக்கி டிகிரிக்காரன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு அலுவலகத்தில் கணக்காளர் வேலை. நான் உரிமத் தேர்வுக்காக அங்கே ஒரு கடை மாடியில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கீழே சாப்பாட்டுக் கடையில் கூட்டம், ஒரே மேசையில் உட்கார வேண்டியதாயிற்று. நான் விரித்து வைத்திருந்த மின்சுற்றுப் படத்தைப் பார்த்துவிட்டு, "மேடம் இன்ஜினியரா?" என்றான்.

"இல்ல பாஸ். வயர்வுமன்."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"எதிர்க்க உக்காந்து தோசை சாப்புடுது, பாக்குறீங்கல்ல?"

உரிமம் வாங்கி நான் இந்த வேலைக்கு வந்த பிறகு, ஒரு நாள் அதே கடையில் சம்பளப் பேச்சு வந்தது. என்னுடையதைச் சொன்னேன். தோசை அவன் தொண்டையில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அப்ப இன்னிக்குப் பில்லு உங்களுது."

எனக்கு அந்த நிமிஷமே அவனைப் பிடித்துவிட்டது.

ஆனால் அவ்வளவு தைரியசாலி தன் அம்மாவிடம் மட்டும் என் வேலையை விவரமாகச் சொல்லவில்லை. "ஃபேக்டரியில நல்ல வேலைம்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டான். ரவாங் வீட்டுக் கூடத்தில் அவன் பட்டமளிப்பு அங்கியோடு நிற்கும் படம், பக்கத்தில் இருக்கும் முருகன் படத்தைவிடப் பெரியது. டிகிரியை அந்த அளவுக்குக் கும்பிடும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்கு உதறல். எனக்கும்தான்.

ஒரு கால் செருப்போடு

வாசலுக்கு ஓடினேன். வெயிலில் சிமெண்டுத் தரை கொதித்தது. நான் வெறுங்காலோடு நின்றேன். ஆன்டி ஒரு கால் செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் ஆன்டி. டிகிரி இல்லன்னா கேவலமா? ஜாகான்னா உங்களுக்கு அவ்ளோ எளக்காரமா?"

"லோகி!" என்று அம்மா உள்ளேயிருந்து அலறினார்.

ஆன்டி நிமிர்ந்தார். கண் நிறையத் தண்ணீர்.

"எளக்காரமா? என் வீட்டுக்காரரே ஜாகாதாம்மா. சாலாக் செலாத்தான்ல ஒரு கொண்டோ மாடிவீட்டு கேட்டுல நின்னே அவரு காலம் போச்சு. மழையில நனைஞ்ச சட்டையோட வருவாரு. ரெண்டு காலும் வீங்கிக் கெடக்கும், நான்தான் வெந்நி ஊத்தி விடுவேன். அந்தச் சம்பளத்துலதான் இவன் டிகிரி எடுத்தான். நம்ம வீட்டுல இனிமே யாரும் கேட்டுல நிக்கக் கூடாது கமலான்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாரு. நீ பொம்பளப் புள்ள. உன்னையக் கொண்டுபோய் எப்படிம்மா..."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அப்பா தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தார் என்று மட்டும்தான் விக்கி என்னிடம் சொல்லியிருந்தான்.

ஆன்டி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு தணிந்த குரலில், "உக்கார நாற்காலியாச்சும் குடுத்திருக்காங்களா?" என்றார்.

"நாற்காலியா? எனக்குத் தனி ரூமே இருக்கு ஆன்டி."

"ஜாகாவுக்கு ரூமா?"

"ஏர்கோன் ரூமு."

ஆன்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெண் புளுகுகிறாள் என்றே நினைத்திருப்பார். "எந்த கேட்டும்மா அது?"

"கேட்டா?"

அப்போதுதான் எனக்கு பல்ப் எரிந்தது. உரிமம் வாங்கிய சார்ஜ்மேனுக்கு பல்ப் எரிய இவ்வளவு நேரம்!

"ஐயோ ஆன்டி, கேட்டு இல்ல! கரண்ட்டு! நான் கரண்ட்டுக்கு ஜாகா!"

"கரண்ட்ட யாரும்மா திருடப் போறா?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. ஆன்டி நிஜமாகவே கேட்கிறார் என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. அந்த நேரம் பார்த்து விக்கி கார்ச் சாவியோடு வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். அழுத முகத்தோடு அவன் அம்மா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நான் பூட்டு, சாவி, ரப்பர் விரிப்பு, உரிமம் என்று மூச்சுவிடாமல் சொல்ல, அவன் அதை ஒவ்வொன்றாக அம்மாவுக்கு விளக்க, அப்பாவும் வெளியே வந்து, "அதத்தானே நான் மொதல்லயே சொன்னேன், ஜெந்தேரா ஜாகா!" என்று முழங்கினார்.

ஆன்டியும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, நம் வீடுகளில் எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அப்ப சம்பளம்?"

"என்னையவிட ஜாஸ்திம்மா" என்றான் விக்கி, பெருமையாக.

ஆன்டியின் சிரிப்பு அப்படியே நின்றது. மகனைப் பார்த்தார்.

"அப்ப அவரு நின்னதெல்லாம் வீணாடா?"

ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார். என் தொழிலைப் பற்றி எத்தனையோ பேரிடம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். ஆனால் டிகிரி பெரிதா, தொழில் பெரிதா என்று சம்பளத்தை வைத்துப் பேசும்போது, அந்த டிகிரிக்காக ஒருவர் நின்ற கால்களை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை.

விக்கிதான் மெதுவாகச் சொன்னான். "வீணில்லம்மா. எனக்குக் கணக்குதாம்மா புடிக்கும். அப்பா நின்னதாலதான் எனக்குப் புடிச்சத நான் படிச்சேன். எனக்குச் சம்பளம் மெதுவா ஏறும். இவளுக்கு வேகமா ஏறிடுச்சு, அவ்ளோதான்."

"எனக்கும் அதேதான் ஆன்டி" என்றேன். "எங்கப்பா ஓய்வில்லாம லோரி ஓட்டலைன்னா, ஸ்கூல் முடிச்ச கையோட நான் எங்கயாச்சும் கெடைச்ச வேலைக்குப் போயிருப்பேன். எனக்குப் புடிச்சத நானும் படிச்சிருக்க முடியாது."

அப்பா என் தலையில் கை வைத்தார்.

ஆன்டி மாட்டியிருந்த ஒரு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"டீ ஆறியிருக்கும். வேற போடு. அந்த பிஸ்கட்டும் இன்னொண்ணு எடு."

"சம்பந்தி!" என்று முழங்கினார் அப்பா. இந்தத் தடவை அம்மா பல்லைக் கடிக்கவில்லை.

கார்டுக் கடையில்

நம் கல்யாணக் கார்டுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், பக்கத்தில் வாங்கிய பட்டங்கள். பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் பார்த்த வேலை. சில கார்டுகளில் பெயரைவிடப் பட்டம் நீளமாக இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் கார்டுக் கடைக்கு நான், விக்கி, அத்தை மூவரும் போனோம். ஆமாம், அதற்குள் ஆன்டி அத்தையாகிவிட்டார். வெளியே மாலைக் கடைகளின் மல்லிகை வாசனை, உள்ளே புதுத் தாளும் மையும். மாதிரிக்கென்று விக்கியின் அக்கா கல்யாணத்துக்கு அடித்த பழைய கார்டை அத்தை கொண்டுவந்திருந்தார்.

கடைக்காரர் கணினியில் அடித்துக்கொண்டே கேட்டார். "மாப்பிள்ளைக்கு டிகிரி போட்டாச்சு. பொண்ணுக்கு?"

"டிகிரி இல்ல அண்ணே" என்றேன்.

"டிப்ளோமாவும் இல்லையா? ஒரு பக்கம் வெறுமனே இருந்தா அழகா இருக்காது லா."

"அப்ப என்னோடதையும் எடுத்துருங்கண்ணே" என்றான் விக்கி.

"ஏன் எடுக்கணும்? அவரு நின்னு வாங்கிக் குடுத்த டிகிரி, அது இருக்கட்டும்" என்றார் அத்தை. "என் மருமகளுக்கும் இருக்கு. ஜாகான்னு போடுங்க."

கடைக்காரரின் விரல்கள் நின்றுவிட்டன. "ஆன்டி, ஜாகான்னு போட்டா ஆளுங்க வேற மாதிரி நெனச்சுக்குவாங்க."

"பெஞ்சாகா ஜெந்தேரா எலெக்ட்ரிக்னு முழுசாப் போட்டுருவோம் அத்தை" என்றேன்.

"போடு. ஆனா அதுல ஜாகா நல்லாத் தெரியணும்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே அடித்தார். பிறகு பழைய கார்டை எடுத்துப் பார்த்தார். "அங்கிள் பேருக்கு முன்னால இப்ப அமரர்னு சேர்க்கணும். பக்கத்துல 'தனியார் நிறுவன ஊழியர்'னு இருக்கு. அதையே விட்டுரவா?"

விக்கி தலையைக் குனிந்துகொண்டான். அக்காவுக்குச் சம்பந்தம் பேசிய வீட்டில் எல்லாரும் ஆசிரியர்கள் என்பதால் அப்படிப் போடச் சொன்னது தன் அப்பாதான் என்று, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு நாள் என்னிடம் சொல்லியிருந்தான்.

அத்தை அந்தப் பழைய கார்டை வாங்கி, புருஷன் பெயரை விரலால் தடவினார்.

"அத எடுத்துருங்க தம்பி. அவருக்கும் ஜாகான்னே போடுங்க. மருமகளும் ஜாகாதானே, இனிமே அவரு கூச்சப்பட மாட்டாரு."

கடைக்காரர் அடித்து முடித்துத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஒரே கார்டில் இரண்டு ஜாகா. கடை என்றும் பார்க்காமல் நான் ஒரு கூச்சல் போட்டேன். மாலைக் கடைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.